பாலைக் கட்டையும் மதகுக் கல்லும்

"கையை விடுங்கோ சேர்."

கொடிகாமத்துக்கு அப்பால், பெருவீதி ஒரு வளைவும் இல்லாமல் நீண்டு கிடக்கும் இடம். காலை பத்து மணி இருக்கும். பக்கத்து இருக்கையில் கராஜ்காரர் நேசன், மடியில் எண்ணெய்த் துணியோடு. ஓட்டிக்கொண்டிருந்தவன் நான்.

முன்னும் பின்னும் வாகனம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவர் அப்படிச் சொன்னார். கையை விட்டால் கார் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். சைக்கிளைவிடச் சற்றே கூடின வேகம்தான். பெரிய காரியமில்லை.

என்னால் கையை விட முடியவில்லை. விரல்கள் ஸ்டியரிங்கில் ஒட்டியது போல இருந்தன.

"விடுங்கோ சேர். நான் பிடிப்பன்."

விட்டேன். கார் ஒரு கணம் நேராகப் போனது. பிறகு, வீட்டுக்குப் போகும் ஒழுங்கை தெரிந்த மாடு போல, ஆரும் சொல்லாமலே இடப்பக்கம் திரும்பியது. தார் விளிம்பின் சரளைக்கல் சில்லின் கீழ் நெரிபடும் சத்தம் கேட்டது. நேசன் எட்டிப் பிடித்து நிமிர்த்தினார்.

"உது எவ்வளவு காலமா இழுக்குது?"

"கொஞ்சக் காலமா" என்றேன்.

பொய். முப்பது வருடத்துக்கும் மேல்.

இந்தப் பத்திரிகைத் தொடரை இதுவரை வாசித்தவர்களுக்கு என்னைத் தெரியும். பண்டத்தரிப்புப் பக்கத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனாரைப் பற்றி எழுதினேன், பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன், இடம்பெயர்ந்த நாட்களைப் பற்றியும் எழுதினேன். சென்ற கிழமை ஒரு வாசகர், "மாஸ்டர் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறார்" என்று கடிதம் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். இரண்டு நாள் அந்த லாச்சியைத் திறக்கவில்லை.

மங்கையின் காது

கார் என் தகப்பனார் வாங்கியது. பழைய இங்கிலீசுக் கார், கறுப்பு நிறம். அவருக்குப் பிறகு என்னைத் தவிர வேறு ஒருவரும் அதை ஓட்டியதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளுக்கு வருகிறேன்.

சத்தத்தை முதலில் கேட்டவர் என் மனைவி மங்கை. மூன்று மாதத்துக்கு முன், கண் கிளினிக்கால் திரும்பி வரும்போது, எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் பள்ளத்தில் கார் இறங்கியது. மங்கை தலையைச் சாய்த்தார்.

"இஞ்சாருங்கோ, என்ரை காலுக்குக் கீழை ஏதோ கடக் எண்டுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். உங்களுக்கு எப்போதுதான் கேட்டது என்று அவர் சொன்னார். ஐம்பது வருட மணவாழ்க்கையில் இப்படிப்பட்ட பதிலை யாரும் தட்டிக் கேட்பதில்லை.

அதன் பிறகு எனக்கும் கேட்டது. வேகமாகப் போகும்போது இல்லை. மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போதும், பிரேக்கை அமத்தி விடும்போதும் மட்டும் ஒரு "கடக்". யாரோ பக்கத்து அறையில் பெட்டியைத் திறந்து மூடுவது போல.

என் வலது தோளும் அந்த நாட்களில்தான் தூக்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் தோளைத் திருப்பிப் பார்த்து, "ஐயா, இந்தக் கையாலை எதையாவது நெடுக இழுத்துப் பிடிக்கிற வேலை செய்யிறனீங்களோ?" என்று கேட்டார். கரும்பலகையில் வெண்கட்டி பிடித்த கைதான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மண்ணெண்ணெய்க் காலம்

கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பெற்றோல் என்பது மருந்து மாதிரி. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருப்போம். கார் ஸ்டார்ட் ஆகும் மட்டும் அதில் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வீதியெல்லாம் வெள்ளைப் புகை. உடுப்பிலும் தலைமயிரிலும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளிலும்கூட மண்ணெண்ணெய் மணக்கும்.

அந்த எண்ணெயில் எஞ்சினை ஓட வைக்கத் தெரிந்தவர்கள் கடற்கரை ஆட்கள். அவர்களுடைய படகு எஞ்சின்கள் முன்பிருந்தே மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. கொழும்புத்துறையில் சவிரிமுத்து என்று ஒருவர். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். கடலுக்குப் போகக் கூடாது என்று தடை வந்து படகுகள் கரையில் கிடந்தபோது அவரும் வேலை இல்லாமல் இருந்தார். மண்ணெண்ணெய்க் கார்கள் அவரிடம் வரத் தொடங்கின. எங்கள் வலிகாமப் பகுதியில் இருந்து முதலில் போன கார் என்னுடையது. என்னைப் பார்த்து எங்கள் பக்கத்துக் கார்கள் ஏழெட்டுப் போயின.

சவிரிமுத்து என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அன்றைக்கு நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், "நீர்" என்றுதான் கதைத்தேன். அவர் என்னை "மாஸ்டர்", "நீங்கள்" என்பார். எங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்தால் அம்மா அவருக்குக் கிணற்றடியில் தனியாகக் கவிழ்த்து வைத்த தகரப் பேணியில் தேத்தண்ணி கொடுப்பார். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்ப்பார். நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மீனெண்ணெய்

ஒரு முறை முன் சில்லுகள் ஆடத் தொடங்கின. சில்லைத் தாங்கும் இரும்புக் கை காரின் சட்டத்தோடு பூட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். புஷ் என்பார்கள். அது தேய்ந்து போயிருந்தது. புது ரப்பர் வருவதற்கு வழியில்லை. பழைய லொறி டயரை வெட்டிப் போட்டவர்கள் இருந்தார்கள். ஒரு மாதத்தில் பிய்ந்துவிடும்.

சவிரிமுத்து அந்த வளையத்தைப் பாலை மரத்தில் கடைந்தார். படகின் சுக்கான் தண்டு சுழலும் இடத்துக்கு அவர்கள் போடுகிற கட்டை அது. வைரம் பாய்ந்த மரம், தண்ணீரில் போட்டால் தாழும். நாலு துண்டு கடைந்து, ஒரு கிழமை சுறா எண்ணெயில் ஊறவிட்டு, பக்கத்துக்கு இரண்டாகப் பூட்டினார். கார் கல்லுப் போல நின்றது. வளைவில் ஓர் ஆட்டம் இல்லை.

மணம் மட்டும் இருந்தது. எஞ்சின் சூடேறினால் காருக்குள் மெல்லிய மீன் வாடை. நாங்கள் மீன் மச்சம் சாப்பிடாத வீடு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற கார். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுவார். இறங்கியதும் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வார். வெயில் பட்டால் போய்விடும் என்று நான் சொல்லி வந்தேன். எனக்கு அந்தக் கட்டையில் நம்பிக்கை இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை இருந்தது.

மதகு

மழை விட்ட ஒரு பின்னேரம். பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் எதிரே ஒரு பஸ் வந்தது. ஒதுங்குவதற்கு இடம் போதும் என்று கணக்குப் போட்டேன். கணித மாஸ்டரின் கணக்கு. இடது முன் சில்லு வாய்க்கால் மதகின் ஓரக் கல்லில் ஏறி, காரின் வயிற்றில் கல் உரசி, பிறகு தொப்பென்று இறங்கியது. பல்லுக்குள் கேட்ட சத்தம் அது.

இறங்கிப் பார்த்தேன். வெளியே ஒரு கீறலும் இல்லை. பஸ் போய்விட்டது. வயலில் நின்ற கொக்கைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றையிலிருந்து கார் இடப்பக்கம் இழுத்தது.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. தகப்பனாரின் காரில் ஒரு கோடு விழாமல் ஓட்டுகிறவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர். மற்றவர்களுக்கு இடைக்கிடை புத்தி சொல்லுவேன். அதனால் வலது கையால் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஓட்டப் பழகினேன். நாலு நாளில் பழகிவிட்டது. ஐந்தாம் நாள் நானே மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மறக்கவில்லை.

ஒரே ஒரு நாள்

மங்கையின் தம்பி குகன். அப்போது இருபத்தாறு வயது. பந்தடிக்காரன், பகிடிக்காரன், என்னை அத்தான் அத்தான் என்று சுற்றி வருகிறவன். அவனுடைய சிநேகிதனுக்குக் கலியாணம். ஐயரைக் கூட்டிவர ஒழுங்கு செய்த வாகனம் பழுதாகிவிட்டது. முகூர்த்தத்துக்கு நேரம் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தான்.

"அத்தான், சாவியைத் தாங்கோ. அரை மணித்தியாலத்திலை கொண்டுவந்து விடுறன்."

நான் திறப்பைக் கொடுத்தேன். கொடுக்கும்போது வாயில் வந்தது: கார் இடப்பக்கம் இழுக்கும், வலப்பக்கம் பிடித்துக்கொள். ஐந்தே சொல். பக்கத்தில் என் அயலவர் இருவர் நின்றார்கள். ஏன் இழுக்கிறது என்று கேட்பார்கள்.

சொல்லவில்லை. "கவனமாப் போ" என்றேன்.

கியர் மாற்ற ஒரு கையை எடுத்திருக்கிறான். இடது சில்லுகள் தாரை விட்டு இறங்கின. பதறி வலப்பக்கம் முறித்திருக்கிறான். கார் வீதிக்குக் குறுக்கே போய் வலப்பக்க மூக்கால் ஒரு பனையில் மோதியது. அவனுடைய வலது முழங்கால் நொறுங்கியது.

ஆஸ்பத்திரியில் அவன் சொன்னது: "கார் தானாப் போனது அத்தான். நான் ஒண்டும் செய்யேல்லை."

கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மங்கை நின்றார். நான் சொன்னேன்: "அந்தக் கட்டைதான். மரக்கட்டையை நம்பி விட்டது என்ரை பிழை."

அந்தச் சொல்லை நான் முன்கூட்டி நினைத்து வைத்திருக்கவில்லை. ஆனால் வாய்க்கு வந்ததும் அது எவ்வளவு வசதியான சொல் என்று உடனே தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் வாசிகசாலையில், பேப்பர் வாசிக்கிற நீண்ட வாங்குப் பலகையில் இருந்தபடி, பத்துப் பன்னிரண்டு பேர் கேட்க, இன்னும் விளக்கமாகச் சொன்னேன். கட்டை சுருங்கி விட்டிருக்கும் என்றேன். படகு வேலை வேறு, கார் வேலை வேறு என்றேன்.

மிச்சத்தை ஊர் சொன்னது. ஐயரை ஏற்றப் போன காரில் மீனெண்ணெய் பூசினால் வேறென்ன நடக்கும் என்றார் ஒருவர். கடற்கரையானிடம் காரைக் கொடுத்தால் அது கடலுக்குத்தான் இழுக்கும் என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். சிரித்தேன்.

வலிகாமத்துக் கார் ஒன்றும் பிறகு சவிரிமுத்துவிடம் போகவில்லை.

படலை

ஒரு கிழமை கழித்துச் சவிரிமுத்து சைக்கிளில் வந்தார். கொழும்புத்துறையில் இருந்து எங்கள் ஊருக்கு நல்ல தூரம். வாசல் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார். கார் அப்போது பின்வளவில் தறப்பாளால் மூடிக் கிடந்தது.

ஒருக்கால் காருக்குக் கீழே படுத்துப் பார்க்க விட வேண்டும் என்று கேட்டார். கட்டையில் பிழை என்றால் தன் கையால் கழற்றி எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்.

அவர் கீழே படுத்தால் என்ன காண்பார் என்று எனக்குத் தெரியும்.

படலைக் கொளுக்கியில் என் கை இருந்தது. அம்மா உள்ளிருந்து யார் என்று கேட்டார். நான் கொளுக்கியை எடுக்கவில்லை. "பார்க்க ஒன்றும் இல்லை, நீர் போம்" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

பின்னாளில் அவர் களக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நண்டு பிடித்துப் பிழைத்தார் என்று கேள்விப்பட்டேன். நாங்களும் இடம்பெயர்ந்தோம், திரும்பினோம். கார் கொட்டிலில் கிடந்து தப்பியது.

இன்னும் ஒன்று. கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லியிருந்தேன். எறியவில்லை. போடுவதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. மோதின பக்கத்தை ஒருவர் தகரம் தட்டி ஒட்டித் தந்தார். ஊர் வாயில் நான் உடைத்த அதே கட்டைகளின் மேல்தான் முப்பது வருடம் கோயிலுக்குப் போய் வந்தேன்.

வெண்கட்டிப் புள்ளிகள்

இனி நேசனின் கராஜுக்குத் திரும்புகிறேன்.

முதலில் நான் அவருக்கு ஒரு காரணம் சொன்னேன். எங்கள் வீதிகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சாய்ந்தவை, எந்தக் காரும் கொஞ்சம் இடப்பக்கம் போகும்தானே என்று. உண்மைதான். நல்ல பொய்யெல்லாம் ஓர் உண்மையில்தான் முளைக்கிறது. நேசன் மறுக்கவில்லை. சந்தை கலைந்த வெளியில், சமமான சீமெந்துத் தரையில் ஓட்டச் சொன்னார். அங்கும் இடப்பக்கம் போனது.

"இஞ்சை என்ன சரிவு சேர்?"

பிறகு ஒழுங்காகத் தொடங்கினார். டயர்களில் காற்றுப் பார்த்தார். முன் சில்லு இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். டயரில் பிழை என்றால் இழுவை பக்கம் மாறும். மாறவில்லை. கொஞ்சத் தூரம் பிரேக் தொடாமல் என்னை ஓட்ட வைத்துவிட்டு, சில்லுகளின் நடுவில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கப் பிரேக் பிடித்துக்கொண்டு நின்றால் அந்தப் பக்கம் கொதிக்கும். இரண்டும் ஒரே சூடு.

சத்தத்தைக் கண்டுபிடிக்க, என்னை முன்பக்கத்தை அமத்தி அமத்தி விடச் சொன்னார். தான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தார். நான் குனிந்து நிமிர, கடக் என்றது.

"உது காரோ, சேரோ?" என்று கீழிருந்து கேட்டார்.

என் முழங்கால்தான். அடுத்த கடக், கார்.

கடைசியில் ஒரு நூலும் தூக்குக்குண்டும் எடுத்து வந்தார். முன்னுக்கு இரண்டு இடம், பின்னுக்கு இரண்டு இடம், குண்டு தொங்கின நேருக்குத் தரையில் வெண்கட்டியால் நாலு புள்ளி போட்டார். காரைத் தள்ளிவிட்டுப் புள்ளிகளை நூலால் அளந்தோம். நூலின் மறுநுனியைப் பிடித்தவன் நான்.

நாலு மூலையும் சரியாக இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் சமம். எத்தனை வகுப்புக்கு இதை நிறுவிக் காட்டியிருக்கிறேன். நேசன் முதல் மூலைவிட்டத்துக்கு நூலில் முடிச்சுப் போட்டு, அதே நூலை மற்றதில் பிடித்தார். முடிச்சு புள்ளியைத் தாண்டி நின்றது. ஒரு விரல் அகலம். இடது முன் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

மறுக்க இடமில்லாத நிறுவல். என் கையிலேயே நூல்.

முந்தி ஒரு விபத்து நடந்தது என்று மெதுவாகச் சொன்னேன். நேசன் என்னையும் குனிந்து பார்க்கச் சொல்லி விளக்கைப் பிடித்தார்.

"அது வலப்பக்கம் சேர். ஒட்டின இடம் தெரியுது. இது வேறை. மோதி வந்ததில்லை, கீழாலை கல்லு ஏறி வந்தது. எங்கையோ மதகிலை ஏத்தியிருக்கிறியள்."

சட்டத்தின் அடியில் ஒரு பள்ளம், துருப் பிடித்து ஆறிய காயம் போல. இரும்புக் கை பூட்டும் இடம் வளைந்து, அந்த வளைவில் இப்போது வெடிப்பு விட்டிருந்தது. கார் அசையும்போது வெடிப்பு திறந்து மூடுகிறது. மங்கை கேட்ட சத்தம் அதுதான்.

"ஓம்" என்றேன். "மதகு."

முப்பது வருடத்தில் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நேசன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"அண்டைக்கே கழட்டிப் பாத்திருந்தா அரை நாள் வேலை" என்றார்.

பிறகு கட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். கறுத்து, மினுங்கிக்கொண்டிருந்தது. விரலால் சுழற்றினார், முகர்ந்தார்.

"ஆற்றை வேலை சேர் இது? ஒரு வெடிப்பில்லை, ஒரு தேய்வில்லை. ரப்பர் எண்டால் இதுக்கிடையிலை நாலைஞ்சு தரம் மாத்தியிருப்பியள். என்ன செய்ய, புதுசு போடவோ?"

திரும்ப அதையே போடச் சொன்னேன். யார் வேலை என்ற கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை.

பின் சீற்

சட்டத்தை நேராக்கி ஒட்டி முடிய மூன்று நாளானது. கார் வீட்டுக்கு வந்த பின்னேரம் மங்கை குசினி வாசலில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து சொன்னேன். மதகில் தொடங்கி, படலைக் கொளுக்கி வரைக்கும் சொன்னேன்.

குகன் கனடாவில் முந்தின வருடம் இறந்து போனான். கடைசி வரைக்கும் அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தான். ரெலிபோன் எடுத்தால், "அத்தான், உங்கடை கிழவி இன்னும் ஓடுதோ?" என்று காரைத்தான் முதலில் கேட்பான். அவனுக்குச் சொல்ல எனக்கு முப்பது வருடம் இருந்தது.

மங்கை இலை உருவுவதை நிறுத்தவில்லை. ஒரு கிளைக் கெட்டு முடிந்து அடுத்த கெட்டை எடுத்தார். அதன் பிறகுதான் கதைத்தார்.

"தம்பி ஒருக்கா என்னட்டைக் கேட்டவன். அக்கா, கார் முந்தியே ஒரு பக்கம் இழுத்ததோ, அத்தான் ஏதும் சொன்னவரோ எண்டு."

உருவி முடிந்த காம்பை ஒரு பக்கம் போட்டார்.

"அப்பிடி எண்டால் அவர் உன்னட்டைச் சொல்லாமல் விடுவாரோடா எண்டு அவனை ஏசினனான். பிறகு அவன் கேக்கேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். உருவின இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முருங்கையிலை வறை இருந்தது. என் தட்டில் போட்டுவிட்டு, தான் பிறகு சாப்பிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை நான் சட்டை மாற்றினேன். எங்கே என்று கேட்டார். கொழும்புத்துறைக்கு என்றேன். அவரும் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். ஐம்பது வருடமாக எனக்கு இடப்பக்கம் இருந்து வந்தவர், அன்று பின்கதவைத் திறந்து பின் சீற்றில் ஏறினார்.

கார் நேராகப் போனது. என் வலது கை பழக்கத்தில் இழுத்துக்கொண்டே இருந்தது. அதனால் கார் வீதியின் நடுவுக்குப் போகப் பார்த்தது. "கையைத் தளர விடுங்கோ" என்று பின்னாலிருந்து மங்கை சொன்னார். அன்றைக்கு வழியில் அவர் கதைத்தது அது மட்டும்தான்.

கொழும்புத்துறை

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. களக்கடலுக்கு ஓர் ஒழுங்கை இந்தப் பக்கம். மாதா படம் வைத்த சின்ன விறாந்தை. சவிரிமுத்து பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்து, உப்புத் தண்ணீர் தின்ற தழும்புகள். காரின் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார்.

"ஆர், மாஸ்டரோ?"

நான் வாய் திறக்க முதல் எஞ்சின் என் பெயரைச் சொல்லிவிட்டது.

"ஓம் அண்ணை" என்றேன். அந்தச் சொல்லையும் அவருக்கு அன்றுதான் முதன்முதலில் சொன்னேன்.

நின்றுகொண்டே சொன்னேன். அவருடைய மகள் கதிரை கொண்டு வந்தும் நான் அதில் இருக்கவில்லை. வகுப்பில் நிறுவலை எழுதுவது போல, ஒரு வரி விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் கேட்டது இதுதான்:

"கட்டை இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு."

எழுந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு காரடிக்கு வந்தார். முன் சில்லுக்குப் பின்னால் குந்தி, உள்ளே கையை விட்டுத் துழாவினார். பிடித்துப் பார்த்தார். கையை எடுத்து முகர்ந்தார்.

"சுறா எண்ணெய்" என்றார். "சுக்கானுக்குக் கடைஞ்சதிலை மிஞ்சினது. என்ரை கைக்கு அது பிழைக்காது எண்டு எனக்குத் தெரியும்."

மகள் தேத்தண்ணி கொண்டு வந்தார். நாலு கோப்பை, நாலும் ஒரே மாதிரி. எனக்கு எங்கள் கிணற்றடிப் பேணி நினைவு வந்தது. மங்கை காரால் இறங்கி வந்து கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். சவிரி அண்ணை கையை அசைத்து நிறுத்தினார். கோபம் இல்லை. களைப்பாக இருந்தது அவருடைய முகம்.

"மாஸ்டர், அண்டைக்கு நீங்கள் படலையைத் திறக்கேல்லை. அப்பவே எனக்கு விளங்கிட்டுது. எனக்குத் தெரிஞ்சதை எனக்கு வந்து சொல்லி என்ன? தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்கோ. எங்கை இருந்து சொன்னீங்களோ, அங்கை இருந்து சொல்லுங்கோ."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தோம். களக்கடல் பக்கமிருந்து காற்று வந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்தபோது, ஒரு பழக்கத்தில், கவிழ்த்து வைத்தார்.

வாங்கு

இந்தப் பகுதி அச்சாகும் வாரப் பத்திரிகை ஞாயிறு காலையில் எங்கள் வாசிகசாலை மேசைக்கு வரும். அன்றைக்கு என் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களில் மூன்று பேர்தான் இப்போது ஊரில் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. வாசிக்கக் கண் பற்றாதவர்களுக்காக ஒருவர் உரத்து வாசிக்கிற வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. இந்த ஞாயிறு நான் வாசிப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். என்ன வாசிக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை.

சவிரிமுத்துவின் கட்டை சுருங்கவும் இல்லை, உடையவும் இல்லை. காரை மதகில் ஏற்றியவன் நான். அது இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு, சொல்லாமல், குகனிடம் திறப்பைக் கொடுத்தவன் நான்.

மங்கையிடம் வருகிறாரா என்று கேட்டேன். வருவதாகச் சொன்னார். பின் சீற்றில்.